நூறு ரூபாய்ப் பத்திரத்தில் அத்துவிட்டால் கல்யாணம் அத்துப்போகுமா?

கேள்வி: வக்கீல் அக்காவுக்கு வணக்கம். எனக்கு 33 வயது. முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். பீடி சுற்றுகிறேன். 2013-இல் கல்யாணம் நடந்தது, பதிவும் செய்திருக்கிறோம். அவர் சென்னையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். குடியும் அடியும் தாங்காமல் இரண்டரை வருஷத்துக்கு முன்னால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 4. ஆறு மாதம் கழித்து ஊர்ப் பெரியவர்கள் கோயில் முன்னால் கூடிப் பேசி, நூறு ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி, நோட்டரி சீலும் வைத்தார்கள். ‘இருவரும் மனமொத்துப் பிரிகிறோம், இனிக் கணவன் மனைவி இல்லை, ஜீவனாம்சம் கேட்க மாட்டேன், மகனை 7 வயதில் தகப்பனிடம் ஒப்படைப்பேன்’ என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். 3 லட்சம் தருவதாகப் பேச்சு, வந்தது 1 லட்சம். போட்ட 25 பவுனில் 9 பவுன்தான் திரும்பியது, மீதி அடகில் இருக்கிறதாம். வருகிற ஆவணியில் அவருக்கு வேறு கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். கேட்டால் “அதான் அத்துவிட்டாச்சே” என்கிறார்கள். அவரோடு வாழ எனக்கும் ஆசை இல்லை. ஆனால் இது சரியா? கோர்ட்டுக்குப் போனால் மானம் போகும் என்கிறான் அண்ணன். இந்தத் தாலியைக் கழற்றலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: தங்கச்சி, அத்துப்போகவில்லை. இன்றைய தேதிக்குச் சட்டப்படி நீங்கள் அவர் மனைவி, அவர் உங்கள் கணவர்.

1955-ஆம் வருஷ இந்து திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணத்தை நீதிமன்றம்தான் முறிக்க முடியும். ஒரே ஒரு விதிவிலக்கு, 29(2) பிரிவு. ஒரு சமுதாயத்தில் தீர்த்துவிடும் வழக்கம் காலங்காலமாக விடாமல் இருந்து வந்திருந்தால் அதைச் சட்டம் ஏற்கும். ஆனால் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று சொல்கிறவர்தான் அதைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். “எங்க ஊர்ல நாலு பேருக்கு இப்படித்தான் முடிச்சோம்” என்பது நிரூபணம் ஆகாது. நோட்டரி சீலுக்கும் பெரிய அர்த்தம் கிடையாது. கையெழுத்துப் போட்டது இன்னார்தான் என்று அது சொல்லும், அவ்வளவுதான். பாளையங்கோட்டை கோர்ட்டுக்கு இப்படி ஒரு பத்திரத்தை லேமினேட் செய்து மஞ்சள் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். லேமினேட் செய்தால் தண்ணீர் படாது. வேறு பலன் ஒன்றும் இல்லை.

பெரியவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு அடிபட்டு ஓடிவந்தவளை வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிறவர்களும் அவர்கள்தான். ஆனால் அந்தப் பத்திரம் உங்களுக்காக எழுதப்பட்டதாக எனக்குப் படவில்லை.

செல்லாத பத்திரம்தானே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் ‘மனமொத்துப் பிரிகிறோம்’ என்று ஒரு வரி இருக்கிறது பாருங்கள், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் எடுப்பார். ஜீவனாம்சத்துக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-ஆவது பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 144. இரண்டு பேரும் சம்மதித்துத் தனித்தனியே வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று அதன் நாலாவது உட்பிரிவு சொல்கிறது. ‘கேட்க மாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்ததற்கு நான் பயப்படவில்லை, அப்படி எழுதியதைக் காட்டி மனைவியின் உரிமையைத் தடுக்க முடியாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. இந்த ‘மனமொத்து’க்குத்தான் பதில் தயாராக இருக்க வேண்டும். அடி தாங்காமல் வந்தவள் நீங்கள். பத்திரம் எழுதியது அதற்கு ஆறு மாதம் கழித்து. வீட்டைவிட்டு வந்த சமயத்து ஆஸ்பத்திரிச் சீட்டு, காவல் நிலையத்தில் கொடுத்த மனு ரசீது, அண்ணனுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு, எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். ‘சம்மதித்துப் பிரிந்தவள்’ என்ற வாதம் அங்கேயே தளர்ந்துவிடும்.

பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அவர்கள் ஜீவனாம்சம் அவர்கள் உரிமை, நீங்கள் கையெழுத்துப் போட்டு அதை விட்டுக்கொடுக்க முடியாது. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். மகளுக்கு 18 ஆக இன்னும் 8 வருஷம், 96 மாதம். மாதம் வெறும் 3,000 ரூபாய் என்று வைத்தாலே 2,88,000. மகனுக்கு 14 வருஷம், 168 மாதம், 5,04,000. ஆக 7,92,000 ரூபாய். மகளுக்குக் கல்யாணம் ஆகும்வரை தகப்பன் பொறுப்பு என்று 1956-ஆம் வருஷ இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் சொல்வதை இதில் சேர்க்கவே இல்லை. உங்களுக்கென்று ஒரு பைசாவும் சேர்க்கவில்லை. கோயில் முன்னால் பேசிய 3 லட்சம் யாருடைய கணக்கு என்று அண்ணனைக் கேளுங்கள்.

மனு போட்ட தேதியிலிருந்து ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்று 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு நஷ்டம். இரண்டு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. “கடையில் என்ன வருமானம், வாடகைக்கே சரியாப் போகுது” என்பார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற ஜிபே ஸ்கேனரை சென்னையில் இருக்கிற சொந்தக்காரர் யாரையாவது ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கடைப் பெயர்ப் பலகையோடு சேர்த்து. பணம் எந்தப் பெயருக்குப் போகிறது என்று தெரிந்தால், அந்த வங்கிக் கணக்கைக் கொண்டுவரச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்கலாம்.

ஆவணிக் கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கல்யாணம் உயிரோடு இருக்கும்போது அவர் இன்னொருத்திக்குத் தாலி கட்டினால் அந்தக் கல்யாணம் செல்லாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 494, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆவது பிரிவில் 7 வருஷம் வரை தண்டனை உண்டு. முதல் கல்யாணத்தை மறைத்துக் கட்டினால் 10 வருஷம் வரை. ஆனால் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போடுகிற குற்றம் இல்லை இது. நீங்களோ உங்கள் அண்ணனோ நடுவர் நீதிமன்றத்தில் (மாஜிஸ்திரேட் கோர்ட்) தனிப்புகார் கொடுக்க வேண்டும், அந்த இரண்டாவது கல்யாணம் முறைப்படி நடந்தது என்றும் நிரூபிக்க வேண்டும். பத்திரிகை, போட்டோ, தாலி கட்டிய வீடியோ இல்லாமல் இந்த வழக்குகள் தோற்றுப்போவதைப் பார்த்திருக்கிறேன். நடந்தபின் தண்டனை வாங்குவதைவிட நடக்குமுன் நிறுத்துவது லேசு. இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள், அவருக்கு ஒன்று, பெண் வீட்டாருக்கு ஒன்று, இரண்டோடும் திருமணப் பதிவுச் சான்றின் நகல். கோயிலில் கல்யாணம் என்று தெரிந்தால் கோயில் அலுவலகத்துக்கும் ஒன்று. நோட்டீஸில் அவரைத் திட்ட வேண்டாம், ‘இந்தத் திருமணம் இன்னும் ரத்தாகவில்லை’ என்ற ஒரு வரி போதும். அந்தப் பெண்ணுக்கும் அவள் அப்பாவுக்கும் இது தெரியாமல்கூட இருக்கலாம்.

நோட்டீஸ் போனதும் அவர் பக்கம் ஒரு வக்கீல் பத்திரம் செல்லாது என்று சொல்லிவிடுவார். அடுத்து இரண்டு வழிகளில் ஒன்று நடக்கும். கெட்ட வழி, சென்னையில் நீங்கள் அவரை விட்டுப் போய்விட்டதாக விவாகரத்து மனுப் போட்டு, நீங்கள் வராமலேயே ஒருதலைத் தீர்ப்பு வாங்குவது. இரண்டு வருஷம் விட்டுப்போனால் மனுப் போடலாம் என்பது சட்டம், உங்கள் காலமும் அதைத் தாண்டிவிட்டது. ஆகவே கோர்ட் தபால் வந்தால் “ஆள் இல்லை” என்று போஸ்ட்மேனைத் திருப்பி அனுப்பாதீர்கள், அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். தெரியாமல் தீர்ப்பாகிவிட்டால், தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை நீக்கக் கேட்க வேண்டும். சென்னைக்கு அலையவும் வேண்டாம். வழக்கை இந்தப் பக்கம் மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம், இரண்டு பிள்ளையோடு இருக்கிற மனைவியின் வசதியை அங்கே பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள். நீங்களாகப் போடும் மனுக்களை நீங்கள் குடியிருக்கிற எல்லைக்குள்ளேயே போடலாம், 2003 திருத்தத்துக்குப் பிறகு விவாகரத்துக்கும் அப்படித்தான்.

நல்ல வழி, இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்து. நீங்களும் வாழ விரும்பவில்லை என்பதால் இதைத்தான் நான் சொல்வேன். ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எப்போதோ முடிந்துவிட்டது. கூட்டு மனுப் போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். சமரசம் பேசிப் பார்த்தும் பலனில்லை, பணம், பிள்ளை, நகை எல்லாம் தீர்ந்துவிட்டது என்றால், நீண்ட நாள் பிரிந்திருப்பவர்களுக்கு அந்த ஆறு மாதத்தையும் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி விட்டிருக்கிறது. கல்யாணத் தேதி குறித்துவிட்டு அவசரத்தில் இருப்பவர் அவர். பேரம் பேச நல்ல நேரம் உங்கள் பக்கம்.

ஆனால் பணம் எந்த நேரத்தில் கை மாறுகிறது என்பதில் கவனம் வேண்டும். தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கட்சிக்காரப் பெண்ணுக்கு “மிச்சத்தை நாளைக்கு வீட்டில் கொண்டுவந்து தருகிறோம்” என்ற வார்த்தையை நம்பி இரண்டாவது கையெழுத்தைப் போடவைத்தேன். அந்த நாளை இன்னும் வரவில்லை. அன்றிலிருந்து ஒரே முறைதான்: பாதி முதல் கையெழுத்தன்று, மீதி கடைசிக் கையெழுத்தன்று, இரண்டும் டிடியாக (வங்கி வரைவோலை), நீதிபதி முன்னிலையில், டிடி எண் மனுவிலேயே எழுதப்பட்டு. ரொக்கம் வேண்டாம். பிள்ளைகள் பங்கை அவர்கள் பெயரில் வங்கி வைப்பாகக் கேளுங்கள்.

நகை சீதனம். அது உங்கள் முழுச்சொத்து, புருஷனோ மாமியாரோ வெறும் காவல்காரர்தான் என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கிலேயே தீர்ந்துவிட்டது. 16 பவுன் எங்கே அடகு, யார் பெயரில் ரசீது என்பதை உடனே கண்டுபிடியுங்கள். ரசீது அவர் பெயரில் இருந்தால் வட்டி கட்டாத நகைக்கு ஏல நோட்டீஸ் அவர் விலாசத்துக்குத்தான் போகும், உங்களுக்குத் தெரியாமலே நகை போய்விடும். கடன் எண் கிடைத்ததும் அடகு வைத்த கூட்டுறவுச் சங்கத்துக்கோ வங்கிக்கோ எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். கூடவே 2005-ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டத்தில், உங்கள் எல்லை நடுவர் நீதிமன்றத்தில் சீதனம் கேட்டு மனு. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்டால் பாதுகாப்பு அலுவலர் அந்த மனுவுக்கு உதவுவார். 25 பவுனுக்கு என்ன சாட்சி என்பார்கள். கல்யாண ஆல்பம், நகைக்கடை பில், அம்மா கைப்பட எழுதிய சீர் நோட்டு, மாமா ‘இரண்டு பவுன் வளையல்’ என்று எழுதிய மொய் நோட்டு. மொய் நோட்டை எந்த வீட்டிலும் தூக்கிப் போடமாட்டார்கள், பரணில் பாருங்கள்.

அடித்ததற்குத் தனியாக வழக்குப் போடுவது உங்கள் விருப்பம். கணவன் வீட்டுக் கொடுமைக்கான பிரிவு அது, பழைய தண்டனைச் சட்டத்தில் 498ஏ, இப்போது நியாய சன்ஹிதாவில் 85. மிரட்டுவதற்காக மட்டும் அதைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. போட நினைத்தால் மூன்று வருஷக் காலவரையறை உண்டு, உங்களுக்கு மிச்சம் ஆறு மாதம்தான்.

மகனை 7 வயதில் ஒப்படைப்பதாக எழுதியதை மறந்துவிடுங்கள். பிள்ளையின் நலனைத்தான் நீதிமன்றம் பார்க்கும், பத்திரத்தை அல்ல. 5 வயது வரை பொதுவாகத் தாயிடம்தான். அதற்குப் பிறகும் பள்ளிக்கூடம், பாட்டி, பழகிய தெரு எல்லாம் இங்கே இருப்பது உங்களுக்குச் சாதகம். ஆனால் தகப்பனைப் பார்க்கவே விடமாட்டேன் என்று நிற்காதீர்கள், கோடை விடுமுறையில் பத்து நாள் என்று நீங்களே முன்வந்து எழுதினால் நீதிபதிக்கு உங்கள்மேல் நல்ல எண்ணம் வரும்.

பீடிக் கம்பெனியில் உங்களுக்கு பி.எஃப். இருக்கும். நாமினி யார்? அநேகமாக அவர்தான். கணவரைக் குடும்பத்திலிருந்து விலக்குகிறேன் என்று பெண் தொழிலாளி பி.எஃப். ஆணையருக்கு எழுதிக் கொடுக்க அந்தத் திட்டத்திலேயே இடமிருக்கிறது, விவாகரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். எழுதிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளை நாமினியாகப் போடுங்கள். எல்.ஐ.சி. இருந்தால் அதையும் மாற்றுங்கள். உங்கள் பெயரில் குழுக் கடன் எடுத்து அவர் கடைக்குக் கொடுத்திருந்தால், அந்தப் பாஸ்புத்தகத்தையும் வக்கீலிடம் காட்டுங்கள், 13பி பேச்சில் அந்தக் கடனும் அவர் கணக்கில் சேரட்டும்.

அண்ணனுக்கு ஒரு வார்த்தை: குடும்ப வழக்கைக் கதவை மூடி விசாரிக்கக் கேட்கலாம். கோயில் முன்னால் நடந்ததை ஊரே பார்த்தது. செலவுக்கும் தயங்க வேண்டாம். 1987-ஆம் வருஷச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. பாளையங்கோட்டை கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். உங்கள் கணவர் ஊருக்கு வந்து சத்தம் போட்டால் பெண்கள் உதவி எண் 181.

கடைசியாகத் தாலி. போடவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, கழற்றினாலும் கல்யாணம் முறியாது. ஆனால் 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்கில், மனைவி தாலியைக் கழற்றி வைத்ததையும் மற்ற காரணங்களோடு சேர்த்து மனக்கொடுமைக்கு ஒரு சான்றாக எடுத்துக்கொண்டார்கள். அதனால் சாட்சிக் கூண்டில் ஏறி இறங்கும்வரை கழுத்திலேயே கிடக்கட்டும் என்பேன். சொல்ல எனக்கே பிடிக்காத ஆலோசனை இது. வேலை முடிந்த அன்றைக்குக் கழற்றுங்கள். அதுவும் உங்கள் தங்கம்தான், நகைப் பட்டியலில் எத்தனை கிராம் என்று எடை போட்டு எழுதிவிடுங்கள்.