போர்பன் பாட்டில்களில் அச்சிட்டிருக்கும் கதைகளில் எவற்றை நம்பலாம்?

போர்பன் விஸ்கியைச் சுவைத்துப் பழக எங்கிருந்து தொடங்குவது, பாட்டில்களில் அச்சிட்டிருக்கும் பழங்கதைகள் உண்மைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். போர்பனுக்குப் பேர்போன அமெரிக்க மாநிலமான கென்டக்கியின் லூயிவில் நகரில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அதிகம் குடிப்பவன் அல்லன். மாதத்தில் ஓரிரு மாலைகளில் நண்பர்களோடு உட்கார்ந்து இரண்டு மூன்று வகைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதோடு சரி. அந்தப் பழக்கத்தில் எனக்கென்று ஓர் அளவுகோல் உருவாகிவிட்டது. ஒரு கதை கோப்பைக்குள் இருக்கும் திரவத்தை எந்த வகையிலாவது மாற்றியிருந்தால் அதைப் பொருட்படுத்துவேன். மாற்றாதிருந்தால் விளம்பரம் என்று விட்டுவிடுவேன்.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் சுவையின் பெரும்பகுதி அதிலேயே இருக்கிறது. போர்பன் என்று பெயரிட வேண்டுமானால் அது அமெரிக்காவில் தயாரானதாக இருக்க வேண்டும். ஊறவைக்கும் தானியத்தில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளமாக இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் மரக் கலனில்தான் முதிர வேண்டும். நிறமோ மணமோ எதுவும் சேர்க்கக் கூடாது. இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பகுதி கரும்பாலை மொலாசஸிலிருந்து எடுத்த எரிசாராயத்தை அடிப்படையாகக் கொண்டது என்பதால், நம்மில் பலருக்கு முதல் போர்பன் சற்று அதிர்ச்சியாகவே இருக்கும். அதில் தெரியும் செம்பழுப்பு நிறமும் வெனிலா வாசனையும் காய்ச்சிய சர்க்கரையின் இனிப்பும் கருக்கிய மரத்திலிருந்து இறங்கியவை. கென்டக்கியின் கோடை வெப்பத்தில் விஸ்கி விரிந்து மரத்துக்குள் புகுகிறது, குளிரில் சுருங்கி வெளியேறுகிறது. கிடங்கின் மேல்தளத்துப் பீப்பாயும் கீழ்த்தளத்துப் பீப்பாயும் ஒரே நாளில் நிரப்பப்பட்டிருந்தாலும் வேறு வேறு சுவையோடு இறங்குவது இதனால்தான்.

சுவைக்கும் முறையில் நான் செய்த முதல் தவறு, ஒயினை முகர்வதுபோல் மூக்கைக் கோப்பைக்குள் விட்டு ஆழமாக இழுத்தது. கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம். அன்று மாலை முழுவதும் எந்த வாசனையும் பிடிபடவில்லை. கோப்பையைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, வாயை இலேசாகத் திறந்துகொண்டு முகர்ந்தால் எரிச்சல் குறைந்து மணம் தெரியும். முதல் மிடறு நாக்கைப் பழக்குவதற்கு மட்டும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டாவதை வாய் முழுவதும் மென்று பரப்பிப் பிறகு விழுங்குங்கள். மூன்றாவதற்கு முன் சில துளி தண்ணீர் விடுங்கள். இதில் கௌரவம் பார்க்க வேண்டியதில்லை.

தொடங்குவதற்கு இரண்டு பாட்டில்கள் போதும்: மேக்கர்ஸ் மார்க் ஒன்று, பாண்டட் வகை ஓல்ட் கிராண்ட்-டாட் ஒன்று. இரண்டிலும் முக்கியத் தானியம் மக்காச்சோளம்தான். ஆனால் துணைத் தானியமாக முன்னதில் கோதுமையும் பின்னதில் ரை என்ற தானியமும் சேர்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால், கோதுமை ரொட்டியின் மென்மையோடு நாக்கின் முன்பகுதியில் தங்குவதையும், ரை மிளகும் கிராம்பும் கடித்தாற்போல் தொண்டைவரை போவதையும் எவரும் உணரலாம். மேக்கர்ஸ் மார்க்கின் கதை பிரபலமானது. பில் சாமுவேல்ஸ் 1953ஆம் ஆண்டில் லொரெட்டோவில் ஒரு பழைய வடிசாலையை வாங்கினார், குடும்பத்தின் பழைய செய்முறையை எரித்தார், புதிய தானியக் கலவையை ரொட்டி சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்பார்கள். எரித்ததும் சுட்டதும் கேட்க நன்றாக இருக்கின்றன. ஆனால் ஸ்டிட்செல்-வெல்லர் வடிசாலை கோதுமைப் போர்பனை அதற்கு முன்பே தயாரித்து வந்தது; அதன் தலைவர் பாப்பி வான் விங்கிள் சாமுவேல்ஸுக்கு உதவியும் செய்தார். தொழில் போட்டியாளர் ஒருவர் கைகொடுத்தார் என்பதே எனக்கு மேலான கதையாகப் படுகிறது, பாட்டிலின் வாயை மூடும் சிவப்பு மெழுகுக்கு அது பொருந்தாவிட்டாலும். அந்த மெழுகையும் பாட்டிலின் வடிவத்தையும் பெயரையும் தந்தவர் சாமுவேல்ஸின் மனைவி மார்ஜி.

ஓல்ட் கிராண்ட்-டாட் பாட்டிலில் இருக்கும் ‘பாண்டட்’ என்ற சொல்லுக்குப் பின்னால் நல்ல வரலாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் விஸ்கி பெரும்பாலும் பீப்பாயாகவே கடைக்குப் போனது. இடைத்தரகர்களும் கடைக்காரர்களும் அதில் மலிவுச் சாராயத்தையும் நிறமூட்டிகளையும் கலந்தனர். மருந்து விற்பனையாளராக இருந்த ஜார்ஜ் கார்வின் பிரவுன் 1870ஆம் ஆண்டில் லூயிவில்லில் தம்முடைய ஓல்ட் ஃபாரெஸ்டர் என்ற போர்பனை முத்திரையிட்ட பாட்டிலில் மட்டும் விற்கத் தொடங்கியதற்கு இந்தக் கலப்படமே காரணம். பிறகு கர்னல் எட்மண்ட் ஹேன்ஸ் டெய்லர் போன்ற வடிசாலை உரிமையாளர்களின் முயற்சியால் 1897ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசின் கண்காணிப்பிலுள்ள கிடங்கில் குறைந்தது நான்கு ஆண்டுகள் முதிர்ந்து, 50 விழுக்காடு ஆல்கஹாலோடு அடைக்கப்பட்டதுதான் பாண்டட். டெய்லருக்குச் சொந்த லாபமும் இதில் இருந்தது. கலப்பட வியாபாரிகள் அவருடைய போட்டியாளர்கள். இருந்தாலும், அந்த 50 விழுக்காட்டின் திண்மை நாக்கில் தெரிகிறது.

இதற்கு நேர்மாறானது எலைஜா கிரெய்க் என்ற போர்பனின் கதை. பாப்டிஸ்ட் போதகரான எலைஜா கிரெய்க்தான் பீப்பாயைக் கருக்கும் முறையைக் கண்டுபிடித்தார் என்று ஒரு வடிசாலையில் வழிகாட்டி கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். கூட்டம் வாய்பிளந்து கேட்டது. அதற்கு ஆதாரம் கிடையாது. இன்று அவர் பெயரில் விற்கும் ஹெவன் ஹில் நிறுவனம், மதுவிலக்கு நீங்கிய பிறகு, 1935ஆம் ஆண்டில் தொடங்கியது. துணிக்கடைகள் நடத்திய ஷப்பீரா சகோதரர்கள் அதில் பணம் போட்டனர். 1996 நவம்பரில் நேர்ந்த தீ விபத்தில் ஏறத்தாழ 90,000 பீப்பாய்கள் எரிந்தபோது, மற்ற வடிசாலைகள் இடம்கொடுத்து அவர்களை நிற்கவைத்தன. விஸ்கி என்னவோ நன்றாகவே இருக்கிறது. போதகரை மட்டும் விட்டுவிடுங்கள்.

என் அளவுகோல் பிசகும் இடம் ஒன்று உண்டு. அண்டை மாநிலமான டென்னசியில் ஜாக் டேனியலுக்கு வடிக்கக் கற்றுக்கொடுத்தவர், அப்போது அடிமையாக இருந்த நியரஸ்ட் கிரீன். விடுதலைக்குப் பிறகு அவர் டேனியலின் முதல் தலைமை வடிப்பாளராகவும் இருந்தார். டேனியலின் பெயரில் விஸ்கி விற்கும் நிறுவனம் இதை ஊரறியச் சொன்னது 2016இல்தான். மேப்பிள் மரக்கரியில் வடிகட்டுவதால் அந்த விஸ்கியைப் போர்பன் என்று விற்பதில்லை. கரியின் வழவழப்பை நாக்கு கண்டுபிடிக்கும், கிரீனின் பெயரை எந்த நாக்கும் கண்டுபிடிக்காது. ஆகவே இந்தக் கதையைச் சுவையோடு சேர்க்காமல் தனியாகப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது பாட்டிலுக்குப் பணம் இருந்தால் ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரல் (ஒரே பீப்பாயிலிருந்து அடைத்தது) வாங்குங்கள். இரண்டு தானியக் கலவைகள், ஐந்து வகை ஈஸ்ட்டுகள் என்று பத்துச் செய்முறைகளில் வடிக்கும் வடிசாலை அது. முந்தைய உரிமையாளரான சீகிராம், அசல் போர்பனைப் பல்லாண்டுகள் ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பிவிட்டு, அமெரிக்கர்களுக்கு அதே பெயரில் மலிவான கலவை விஸ்கியை விற்றது. 2002ஆம் ஆண்டில் ஜப்பானின் கிரின் நிறுவனம் வாங்கிய பிறகே அசல் சரக்கு சொந்த ஊர்க் கடைகளுக்குத் திரும்பியது.

ஒரு மாலையில் மூன்றுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றும் 15 மில்லி லிட்டர் போதும், வண்டியை எடுக்காதீர்கள். குடித்த கோப்பைகளை அன்றிரவு கழுவாமல் வைத்து, மறுநாள் காலையில் முகர்ந்து பாருங்கள். சாராய நெடி போய்விட்டிருக்கும். பீப்பாய் மரத்தின் வாசனை மட்டும் அடியில் ஒட்டியிருக்கும்.