அரத்தைப் பூ காய்க்காதது ஏன்? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் அரத்தைப் புதர் நன்றாகப் பூக்கிறது, கருவண்டும் (பெரிய கரிய தச்சுத்தேனீ) வருகிறது, காய்தான் பிடிப்பதில்லை. உரம் போதவில்லையா?

பதில்: உரத்தை விடுங்கள், ஜோடி இருக்கிறதா என்று பாருங்கள். இஞ்சிக் குடும்பத்து அரத்தைப் பேரினத்தில் (ஆல்பினியா) பல இனங்களுக்கு இரண்டு வகைச் செடிகள் உண்டு. முதல் வகையில் காலையில் சூல்முடி (மகரந்தத்தை ஏற்கும் பெண் நுனி) மகரந்தப்பைக்கு மேலே தூக்கி நிற்கும், அப்போதே மகரந்தமும் வெளிப்படும். மதியவாக்கில் சூல்தண்டு (சூல்முடியைத் தாங்கும் காம்பு) கீழே வளைந்து, சூல்முடி மகரந்தம் ஏற்கும் இடத்துக்கு இறங்கும். இரண்டாம் வகையில் எல்லாம் தலைகீழ்: காலையில் சூல்முடி கீழே தயாராக இருக்கும், பை மூடியிருக்கும். மதியம் தண்டு மேலே ஏறிய பிறகே பை வெடிக்கும்.

ஒரு செடியின் பூக்களெல்லாம் ஒரே வேளையில் மாறும். பூவின் ஆயுளோ ஒரு நாள். அதனால் பக்கத்துப் பூவின் மகரந்தம்கூடப் பெரும்பாலும் உதவாது. ஒரே கிழங்கைப் பிரித்துப் பத்துப் புதர் வைத்தாலும் பத்தும் ஒரே வகைதான். 2001-ல் சீனாவின் யுன்னான் காட்டு அரத்தைகளைக் கொண்டு தண்டு நகரும் இந்த முறை விளக்கப்பட்டது. இயற்கையில் இரு வகையும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி.

கேள்வி: என்னுடையது எந்த வகை, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: காலை ஏழு, எட்டு மணிக்குப் பூவைப் பக்கவாட்டில் பாருங்கள். மகரந்தப்பையின் இரு அறைகளுக்கு நடுவே வரும் தண்டின் நுனி மேல்நோக்கியும் பை வெடித்தும் இருந்தால் முதல் வகை. நுனி கீழே வளைந்து, பை மூடியிருந்தால் இரண்டாவது. உச்சிவேளையில் பார்க்காதீர்கள், அப்போது இரண்டும் பாதிவழியில் இருக்கும். இரண்டு மூன்று நாள் பார்த்துச் செடியில் சீட்டுக் கட்டிவிடுங்கள்.

கேள்வி: சின்னத் தேனீக்களும் மொய்க்கின்றனவே, அவை போதாதா?

பதில்: நம்ப முடியாது. கருவண்டு உதட்டு இதழில் இறங்கித் தேனுக்காக உள்ளே முட்டும்போது அதன் முதுகு பையிலும், இறங்கியிருக்கும் சூல்முடியிலும் உரசும். சிறிய தேனீ மகரந்தத்தைச் சுரண்டிக்கொண்டு, சூல்முடியைத் தொடாமலே போய்விடலாம். சூல்முடி மேலே ஒதுங்கியிருந்தால் கருவண்டும் அதைத் தொடாது. தண்டு நகர்வதன் பயனே அதுதான்.

கேள்வி: கையால் சேர்க்கும் முறை சொல்லுங்கள்.

பதில்: முந்தின மாலையே மொட்டுகளை வலைத்துணியால் மூடுங்கள். காலையில் முதல் வகையின் மகரந்தத்தைப் பல்குச்சி நுனியில் எடுத்து இரண்டாம் வகையின் சூல்முடியில் பூசுங்கள். மகரந்தம் பிசுபிசுப்பானது, எளிதில் ஒட்டும். இரண்டாம் வகையின் பை அப்போது மூடியிருப்பதால் அதன் சொந்த மகரந்தத்தை நீக்கும் வேலையில்லை.

மதியத்துக்குப் பிறகு திசையை மாற்றுங்கள். இங்கேதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். முதல் வகையின் பையில் மிச்ச மகரந்தம் இருக்கும், இனங்கள் பல தன் மகரந்தத்தையும் ஏற்பவை. காலையிலேயே ஈரப்பஞ்சால் அதைத் துடைத்துவிடுங்கள். பையைப் பிடுங்கினால் அதனூடே போகும் தண்டும் ஒடியும். கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்யாமல் தண்டின் நிலையைப் பார்த்துச் செய்யுங்கள். பூசியபின் வலையை மறுபடி கட்டுங்கள்.

கேள்வி: ஏலக்காய்ச் செடியிலும் இப்படியா? பூச்சிமருந்து எப்போது அடிக்கலாம்?

பதில்: இல்லை. ஏலத்தில் சூல்முடி பைக்குச் சற்று மேலேயே நிற்கும், ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இருந்தும் தேனீ வந்தால்தான் காய். தேனீ மும்முரம் காலையில், அதனால் தவிர்க்க முடியாத மருந்தைப் பிற்பகலுக்குத் தள்ளலாம். அரத்தையில் பிற்பகலும் வேலை நேரமே, பூக்கும் நாட்களில் அடிக்கவே வேண்டாம்.

கேள்வி: இஞ்சிப் பூவில் முயலலாமா?

பதில்: பயிர் இஞ்சி விதை கட்டுவதில்லை. கிழங்கையே நடுங்கள்.