கலிடோனியாவும் கால்டுவெல் ஐயரும்

கேள்வி: அண்ணாச்சி, எம்மவன் கிளாஸ்கோவுல படிக்கான். காலேஜ் பேரு கிளாஸ்கோ கலிடோனியன் யுனிவர்சிட்டி. லண்டன்ல இருந்து ராத்திரி போற ரயிலும் கலிடோனியன் ஸ்லீப்பராம், தீவுக்கு கப்பல் விடுத கம்பெனிக்கும் அதே பேராம். யாரு இந்த கலிடோனியா? நம்ம இடையன்குடி கால்டுவெல் ஐயர் பேருக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?
- ஒரு வாசகர், திசையன்விளை

பதில்: கடைசி கேள்விக்கு முதல்ல சொல்லிடுதேன், சம்பந்தம் இல்ல. கால்டுவெல்னா பழைய இங்கிலீஷ்ல குளிர்ந்த ஊத்துன்னு அர்த்தம். ஆனா ஐயரோட அப்பா அம்மா ஸ்காட்லாந்துக்காரங்க, அவரு படிச்சதும் கிளாஸ்கோவுலதான், அந்த வகையில ஒங்க மவன் நிக்கிற ஊரும் நமக்கு பழக்கப்பட்ட ஊருதான் பாத்துக்கிடுங்க.

கலிடோனியா ஆள் பேரு இல்ல, ஸ்காட்லாந்துக்கே பழைய பேரு. ஏட்டுல ஏத்துனது ரோமாக்காரங்க. கி.பி. 83 வாக்குல அக்ரிகோலான்னு ஒரு ரோம கவர்னர் படையோட வடக்க ஏறிப் போயி அங்க உள்ள மலைக்காரங்களோட பெரிய சண்டை போட்டாரு, அவரு மருமவன் டாசிட்டஸ் அந்தக் கதைய எழுதும்போது அந்த நாட்டுக்கு கலிடோனியான்னு எழுதுனாரு. நம்ம கொற்கைய தன் புத்தகத்துல குறிச்சு வச்ச பழைய கிரேக்க பூகோள ஆசிரியர் தாலமி இருக்காருல்லா, அவரும் அந்த கலிடோனிய ஜனங்கள எழுதிருக்காரு. அந்தக் கொற்கையில மண்ணத் தோண்டிப் பாத்தது யாரு, நம்ம கால்டுவெல் ஐயர்! இத நெனச்சா எனக்கு இப்பவும் புல்லரிக்கும்.

பொறவு ரொம்ப காலம் கழிச்சு கவிஞருங்க அந்தப் பேர கையில எடுத்துக்கிட்டாவ. 1805-ல வால்டர் ஸ்காட் ஒரு நீளப் பாட்டுல 'ஓ கலிடோனியா'ன்னு பெத்த தாயக் கூப்பிடுத மாதிரியே கூப்பிட்டாரு. நம்ம தாமிரபரணிய பஸ் போர்டுல பொருநைன்னு யாரும் எழுத மாட்டாவ, ஆனா பாரதி பாட்டுக்குள்ள வரும்போது 'பொருநை நதி'ன்னுதான வந்துச்சு, அப்படித்தான். ஒரே வித்தியாசம், பொருநை நம்ம வாயில பொறந்த பேரு, கலிடோனியா சண்டைக்கு வந்தவன் எழுதி வச்ச பேரு. ஸ்காட்லாந்துக்காரங்களோட கேலிக் மொழியில நாட்டுக்குப் பேரு அல்பா. எதிராளி எழுதுன பேரயே இவ்வளவு பாசமா தூக்கி வச்சிருக்காவ, எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு.

பேரு கடலும் தாண்டிருக்கு. 1774-ல கேப்டன் குக் பசிபிக்ல ஒரு தீவுக்கு நியூ கலிடோனியான்னு பேரு வச்சாரு, 1853-ல இருந்து அது பிரான்ஸ் கையில. அதுக்கும் முன்னாடி 1698-ல ஸ்காட்லாந்துக்காரங்க பனாமா பக்கம் காட்டுக்குள்ள கலிடோனியான்னு ஒரு குடியேத்தம் போட்டாவ, காய்ச்சலும் பட்டினியும் ஸ்பெயின்காரன் முற்றுகையும் சேந்து ரெண்டே வருசத்துல அழிச்சிட்டு, நாட்டுப் பணம் அதுல ஏகமா முங்கிப்போச்சு, 1707-ல இங்கிலாந்தோட ஒண்ணா சேந்ததுக்கு அந்த நட்டமும் ஒரு காரணம்.

அந்தப் பழைய ஜனம் தனியா இப்ப இல்ல, பேரு மட்டும் ஊர்லயும் மலையிலயும் ஒட்டிக்கிட்டு கெடக்கு. டன்கெல்டுன்னா கலிடோனியரோட கோட்டைன்னு அர்த்தம், ஷிஹாலியன் மலை பேருலயும் அவியதான் இருக்காவ. டன்கெல்டு இன்வர்னெஸ் போற ரயில் பாதையிலயே டே ஆத்தங்கரையில இருக்கு, லீவுல மவன ஒரு நடை போயிட்டு வரச் சொல்லுங்க, போட்டோ எடுத்தா எனக்கும் ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க.