கணக்கு எங்கே உதைக்கிறது? பிளஸ் ஒன் இயற்பியல், வேதியியல் கேள்வி பதில்

கேள்வி: டீச்சர், 25 மீட்டர் உயர மொட்டைமாடியிலிருந்து கல்லை விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர்மேலே எறிகிறோம். எப்போது தரையில் விழும்? ஈர்ப்பு முடுக்கம் 10 என்று போட்டேன். வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வருகிறது.

பதில்: இடப்பெயர்ச்சிக்கு +25 போட்டிருப்பாய், கண்ணா. மேல்திசை பிளஸ் என்றால், கல் போய்ச் சேரும் தரை உன் கையிலிருந்து 25 மீட்டர் கீழே. ஆக −25. நீ கேட்டது, கல் கைக்கு மேலே 25 மீட்டரை எப்போது எட்டும் என்று. அது 20 மீட்டருக்கு மேல் ஏறவே ஏறாது. அதைத்தான் அந்த மைனஸ் சொன்னது.

நேரத்தை 'நே' என்று வைத்தால் −25 = 20நே − 5நே². சுருக்கினால் நே² − 4நே − 5 = 0. விடை 5 விநாடி, அல்லது −1. இந்த −1-ஐ அடிப்பதற்கு முன் கொஞ்சம் பார். ஒரு விநாடி முன்னால் தரையிலிருந்து 30 மீட்டர் வேகத்தில் யாராவது எறிந்திருந்தால், அந்தக் கல் இப்போது மாடி உயரத்தில், அதே 20 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். கட்டடம் இருப்பது சமன்பாட்டுக்குத் தெரியாது! எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

கேள்வி: அழுத்தம் மாறாமல் வாயுவை 27 டிகிரி செல்சியஸிலிருந்து 54-க்குச் சூடாக்கினால் பருமன் இரட்டிப்பாகும்தானே?

பதில்: ஆகாது. பருமன் கெல்வின் வெப்பநிலைக்குத்தான் நேர்விகிதம், செல்சியஸுக்கு இல்லை. கெல்வினில் அது 300-லிருந்து 327. பருமன் 1.09 மடங்குதான்.

கேள்வி: 28 கிராம் நைட்ரஜனும் 3 கிராம் ஹைட்ரஜனும் முழுமையாக வினைபுரிந்தால் 31 கிராம் அம்மோனியா. சரியா மேடம்?

பதில்: கிராமைக் கூட்டாதேம்மா, மோலுக்கு வா. ஒரு மோல் நைட்ரஜன் 28 கிராம், ஒரு மோல் ஹைட்ரஜன் 2 கிராம். ஆக நைட்ரஜன் 1 மோல், ஹைட்ரஜன் 1.5 மோல். ஒரு மோல் நைட்ரஜனுக்கு 3 மோல் ஹைட்ரஜன் வேண்டும், இருப்பது பாதி. முதலில் தீர்வது ஹைட்ரஜன், அதுதான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. கிடைப்பது 1 மோல் அம்மோனியா, 17 கிராம். 14 கிராம் நைட்ரஜன் மிஞ்சும். உன் 31 எங்கும் போகவில்லை, 17-ம் 14-ம் கூட்டிப் பார்.

கேள்வி: 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு, 250 மில்லி கரைசல். மோலாரிட்டி 0.016 வருகிறது. புத்தகத்தில் 0.4.

பதில்: 4-ஐ 250-ஆல் வகுத்திருக்கிறாய். மோலாரிட்டி என்பது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் என்பது. பக்கத்தில் அலகை எழுதியிருந்தால் 'மில்லிக்கு இத்தனை கிராம்' என்று அதுவே காட்டிக்கொடுத்திருக்கும். ஒரு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு 40 கிராம். 4-ஐ 40-ஆல் வகுத்தால் 0.1 மோல், அதை 0.25 லிட்டரால் வகுத்தால் 0.4. லேபில் செய்யும்போது 250 மில்லி தண்ணீரை அளந்து ஊற்றிவிடாதே. பீக்கரில் கொஞ்சம் தண்ணீரில் கரை, சூடேறும், ஆறவிடு. பிறகு ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்க்கில் ஊற்றி, பீக்கரைக் கழுவிய தண்ணீரையும் சேர்த்து, கழுத்துக் கோடு வரை நிரப்பு.