தண்ணீர் இறைக்கிற வேலைக்கா மாஸ்டர்ஸ் படித்தாய் என்று கேட்கிறார்களாம்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். இங்கிலாந்தில் சிவிலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு படிப்புக்குப் பிறகு வேலை தேடத் தரும் கிராஜுவேட் விசாவில் இருக்கிறீர்கள், பல இடத்தில் விண்ணப்பம் போட்டும், கட்டுமானக் குழிகளுக்காக நிலத்தடி நீரை இறைத்து இறக்கும் ஒரு டீவாட்டரிங் கம்பெனிதான் சைட் இன்ஜினியராகக் கூப்பிடுகிறது, பம்ப் ஓட்டவா இவ்வளவு கடன் வாங்கிப் படித்தாய் என்று வீட்டில் கேட்கிறார்கள், சேரலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நாட்டுக்கு வந்து இதே தொழிலில் தலை நரைத்தவன் என்பதால் சொல்கிறேன், சேருங்கள். ஆனால் கையெழுத்துப் போடும் முன் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

வீட்டில் நினைக்கிற மாதிரி குழியில் தேங்கிய தண்ணீரை வெளியே தள்ளுவது இந்த வேலையில் ஒரு சின்னப் பங்குதான். குழி தோண்டும் முன்பே சுற்றியுள்ள நிலத்தடி நீர்மட்டத்தை இறக்கி, தோண்டி முடித்துக் கான்கிரீட் ஏறும்வரை அங்கேயே பிடித்து வைத்திருக்க வேண்டும். ஆழம் குறைவு, மணல் அல்லது சரளை என்றால் வரிசையாக வெல்பாயின்ட், அதாவது நுனியில் சல்லடை வைத்த மெல்லிய குழாய்கள், இறக்குவோம். அது உறிஞ்சி எடுக்கிற முறை என்பதால் நடைமுறையில் 5 அல்லது 6 மீட்டர்தான் இழுக்கும், கணக்குப்படி 10 மீட்டர் வரவேண்டுமே என்று காற்றழுத்தத்தோடு சண்டை போட்டுப் பயனில்லை. அதற்குக் கீழே போக வேண்டுமென்றால் ஆழ்துளைக் கிணறு போட்டு சப்மெர்சிபிள் பம்ப், மெல்லிய வண்டல் மண்ணில் தண்ணீர் கொஞ்சமாகத்தான் வரும் என்றால் எஜெக்டர், அதாவது அழுத்தத்தோடு தண்ணீரைக் கீழே செலுத்தி அந்த வேகத்தால் கிணற்று நீரை உறிஞ்சும் கருவி. எது எங்கே பொருந்தும் என்பதை மண் சொல்லும், அதைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் இங்கே சம்பளம்.

லண்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே தேம்ஸ் ஆற்றுச் சரளை, அதில் தண்ணீர். அதன் கீழே லண்டன் களிமண், தோண்டினால் காய்ந்து கிடக்கும், பார்க்கிறவருக்கு இங்கே டீவாட்டரிங்கே வேண்டாம் என்று தோன்றும். ஆனால் அதற்கும் கீழே லாம்பெத் அடுக்கின் மணல், தானெட் மணல், சுண்ணப்பாறை என்று போகிறது, அங்கே தண்ணீர் அழுத்தத்தோடு காத்திருக்கிறது. நீங்கள் மேலே மண்ணை அள்ள அள்ள எடை குறைகிறது, ஒரு கட்டத்தில் கீழே இருக்கிற அழுத்தம் குழியின் அடித்தளத்தையே மேலே தூக்கிவிடும். அதனால் கண்ணுக்கே தெரியாத தண்ணீரின் அழுத்தத்தைக் கிணறு போட்டு இறக்குகிறோம். லண்டனின் எலிசபெத் லைன் ரயில் பாதையைக் கட்டும்போது பல இடங்களில் செய்தது இதுதான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு காலத்தில் தொழிற்சாலைகள் இறைத்த இறைப்பில் நகர மையத்தில் சுண்ணப்பாறை நீர்மட்டம் 1960களில் கடல் மட்டத்துக்கு 80 மீட்டருக்கும் கீழே போயிருந்தது. தொழிற்சாலைகள் மூடிய பிறகு அது மளமளவென்று ஏறத் தொடங்கி, சுரங்கங்களுக்கும் பெரிய கட்டடங்களின் அஸ்திவாரங்களுக்கும் ஆபத்து என்று 1990களில் எல்லோரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதாயிற்று.

இது புதுத் தொழிலும் இல்லை. 1830களில் லண்டன் பர்மிங்காம் ரயில் பாதைக்குக் கில்ஸ்பியில் சுரங்கம் தோண்டும்போது புதைமணலில் தண்ணீர் பாய்ந்து வேலை நின்றது, அந்தப் பாதையின் இன்ஜினியர் ராபர்ட் ஸ்டீபன்சன் நீராவி எஞ்சின்களை வரிசையாக நிறுத்தி மாதக்கணக்கில் இறைத்துத்தான் வேலையை முடித்தார். பம்ப் ஓட்டினவர்தான் அவரும் என்று வீட்டில் சொல்லுங்கள்.

இப்போது சட்டம் வேறு இந்தத் தொழிலை மாற்றிவிட்டது. முன்பெல்லாம் கட்டுமானத்துக்காக இறைக்கிற தண்ணீருக்கு லைசென்ஸ் விலக்கு இருந்தது. 2018 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் ஒரு நாளைக்கு 20 கனமீட்டருக்கு மேல் எடுத்தால் பொதுவாக அரசின் சுற்றுச்சூழல் அமைப்பான என்விரான்மென்ட் ஏஜென்சியிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும், சிறிய, குறுகிய கால வேலைகளுக்கு மட்டும் சில விலக்கு. எடுத்த தண்ணீரை ஆற்றில் விட்டால் அதற்குத் தனி அனுமதி, சாக்கடையில் விட்டால் தண்ணீர் கம்பெனியின் சம்மதம். பக்கத்தில் யாருடைய கிணறு வற்றும், எந்த ஓடை மெலியும் என்று கணக்குப் போட்டுக் காட்டாமல் எதுவும் நகராது. ஒரு கிணற்றில் இறைத்துச் சுற்றிலும் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கும் பம்பிங் டெஸ்ட் நடத்தி, வந்த எண்களை வைத்து மண் எவ்வளவு எளிதாகத் தண்ணீரை விடும் என்கிற ஊடுருவு திறனைக் கண்டுபிடித்து அறிக்கை எழுதத் தெரிந்தவருக்கு இங்கே தட்டுப்பாடு இருக்கிறது. உங்கள் எம்.எஸ்சி. உதவப்போவது அங்கேதான்.

அதனால் இன்டர்வியூவில் முதலில் கேட்க வேண்டியது, டிசைன் யார் செய்கிறார்கள் என்று. கம்பெனிக்குள்ளேயே டிசைன் டீம் இருந்து, ஓரிரு வருடத்தில் உங்களையும் அந்த மேசைக்கு விடுவார்கள் என்றால் யோசிக்காமல் சேரலாம், பிற்பாடு சார்ட்டர்டு இன்ஜினியர் என்ற தொழில்முறைத் தகுதி பெறுவதற்கும் அந்த அனுபவம் பேசும். வெறும் பம்ப் வாடகைக்கு விடுகிற கடை என்றால் நான் தயங்குவேன்.

ஆனால் சைட்டில் கழிகிற முதல் காலத்தைத் தண்டனை என்று நினைக்காதீர்கள். டிப் மீட்டர் என்ற அளவு நாடாவைப் பீசோமீட்டர் என்ற கண்காணிப்புக் குழாய்க்குள் இறக்கி நீர்மட்டம் எடுப்பது, V வடிவ வெட்டு வழியாகத் தண்ணீர் வழியும் வி-நாட்ச் தொட்டியில் ஓட்டம் பார்ப்பது, வெளியே வருகிற தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று பாட்டிலில் பிடித்துப் பார்ப்பது எல்லாம் சில்லறை வேலையாகத் தோன்றும். கலங்கலாகத் தொடர்ந்து வந்தால் கிணற்றின் ஃபில்டர் சரியில்லை, மண்துகள் தண்ணீரோடு போகிறது, பக்கத்துக் கட்டடத்தின் அடியில் வெற்றிடம் உருவாகிறது என்று அர்த்தம். அதை முதலில் பார்க்கிற கண் உங்களுடையதாக இருக்க வேண்டும். டிரில்லர்களோடு நல்லபடியாகப் பழகுங்கள், அவர்கள் மண்ணின் நிறத்தைப் பார்த்தே சொல்கிற விஷயம் எந்த அறிக்கையிலும் வராது. முதலில் அவர்கள் பேசுகிற ஆங்கிலமே புரியாது, அது பழகிவிடும்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பம்ப் நின்றால் தண்ணீர் திரும்பி ஏறும், சில மண்ணில் ஒரு மணி நேரம்கூடத் தராது. ஸ்டாண்ட்பை ஜெனரேட்டர் இருக்கும், அலாரம் போனுக்கு வரும், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போக ஒரு ஆள் வேண்டும். கிறிஸ்துமஸுக்கு சைட் முழுக்கப் பூட்டிக் கிடக்கும், பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், கல்யாணம் ஆகாத புது ஆளைத்தான் அந்த முறைக்குப் போடுவார்கள். வாரக்கணக்கில் வேறு ஊரில் தங்க வேண்டியும் வரும்.

டிரைவிங் லைசென்ஸ் இல்லாமல் இந்த வேலை நடக்காது. நம் ஊர் லைசென்ஸ் இங்கே குடிவந்த 12 மாதம்வரைதான் செல்லும், டெஸ்ட் தேதி கிடைப்பதே பெரும்பாடு, இன்றைக்கே விண்ணப்பியுங்கள், வேன் ஓட்ட வேண்டியிருக்கும் என்பதால் மேனுவலில் எடுங்கள். கட்டுமான சைட்டுக்குள் நுழையக் காட்டும் சி.எஸ்.சி.எஸ். கார்டும் கேட்பார்கள், அதற்கான பாதுகாப்புத் தேர்வு கஷ்டம் இல்லை.

கடைசியாக விசா. வெளிநாட்டவரை வேலை விசாவில் எடுக்க அனுமதிக்கும் ஸ்பான்சர் லைசென்ஸ் கம்பெனிக்கு இருக்கிறதா என்று அரசாங்கம் வெளியிடுகிற பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள். ஆஃபர் லெட்டரில் பதவி டெக்னீஷியன் என்று இருந்தால் இன்ஜினியர் என்று மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள், நீங்கள் செய்யப்போகும் வேலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும். விசாவுக்கு எந்தத் தொழில் குறியீட்டில் போடுவார்கள், சம்பளம் ஸ்கில்ட் வொர்க்கர் என்ற வேலை விசாவின் வரம்பைத் தொடுமா என்பதும் அந்தப் பதவியையும் வேலையையும் பொறுத்துதான் இருக்கிறது. அப்புறம் ராத்திரி அழைப்புக்குத் தனிப் படி உண்டா, மாதத்தில் எத்தனை வாரம் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.