அந்த அலைவரிசை எங்கே போனது?

கேள்வி: அமெரிக்காவில் டபிள்யூஓஎக்ஸ்ஒய் என்ற சின்ன ஊர் ராக் வானொலி 2004-இல் மூடப்பட்டதை இன்னும் இழவு விழுந்த மாதிரி பேசுகிறார்களே, ஏன்? பாட்டுதான் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறதே?

பதில்: 'மூடப்பட்டது' என்கிறீர்கள். கடையைப் போல ஷட்டரை இறக்கிவிட்டுப் போயிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வராது. நிலையத்தை விற்றார்கள். வாங்கியவர்கள் அலைவரிசையைப் பெயர்த்தெடுத்து வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

ஊரின் பெயர் ஆக்ஸ்ஃபோர்டு, ஒஹாயோ மாநிலம். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் பெயர் மயாமி. (ஃபுளோரிடா மயாமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது 1809-இல் தொடங்கியது. ஃபுளோரிடா அப்போது ஸ்பெயின் கையில் இருந்தது.) இந்த மாணவர் ஊரின் 97.7 எஃப்எம்மை 1981-இல் ஒரு தம்பதி வாங்கினார்கள். 1983-இல் துணிந்து 'மாடர்ன் ராக்' எனும் புதுக் குழுக்களின் ராக் இசைப் பக்கம் திரும்பினார்கள்.

அது ஏன் துணிச்சல்? பெரிய நிலையங்களை அப்போது ஆட்டிவைத்தவர்கள் ஆலோசகர்கள். அவர்கள்மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. வீடுகளுக்குப் போன் போட்டு, ஒரு பாட்டின் சில விநாடிகளை ஓடவிட்டு, 'பிடிக்கிறதா?' என்று கேட்பார்கள். தெரிந்த பாட்டைத்தான் யாரும் பிடிக்கிறது என்பார்கள். புதுப் பாட்டு அந்தப் பரீட்சையில் எப்படித் தேறும்? ஆகவே தேறிய பாட்டுகளே சுற்றிச் சுற்றி வந்தன. ஆக்ஸ்ஃபோர்டில் மட்டும் யாரும் கேட்டிராத குழுக்களின் இசைத்தட்டுகள் சுழன்றன. 1988-இல் வந்த 'ரெயின் மேன்' படத்தில் டஸ்டின் ஹாஃப்மன் திரும்பத் திரும்பச் சொல்வாரே, 'ராக் அண்ட் ரோலின் எதிர்காலம்' என்று, அது இந்த நிலையத்தின் முழக்கம்தான்.

சரி, வாங்கியவர்கள் ஏன் பெயர்த்தெடுத்தார்கள்? ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும்வரை அந்த அலைவரிசை உரிமத்துக்குச் சின்ன ஊர் விளம்பர வருமானம்தான். சின்சினாட்டிக்கு அருகே நகர்த்தினால் பெருநகரச் சந்தை திறக்கும். வாங்கியவர்களின் கண் அதில்தான் இருந்தது. உரிமம் பின்னர் சின்சினாட்டி புறநகரான மேசனுக்குப் போய்ச் சேர்ந்தது.

பழைய நிலையத்தார் இணைய வானொலியாகவும் நடத்திப் பார்த்தார்கள். 2010 மார்ச்சில் அதுவும் நின்றது. நீங்கள் சொல்லும் இணையத்தின் கணக்கே வேறு. எஃப்எம் கோபுரத்துக்குப் பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் ஒரே மின்கட்டணம். இணையத்தில் ஒவ்வொரு நேயரும் கூடுதல் செலவு. தவிர, அமெரிக்காவில் எஃப்எம் நிலையம் பாட்டை எழுதியவர்களுக்கு மட்டும் ராயல்டி கொடுத்தால் போதும். இணைய வானொலி பாடியவர்களுக்கும் ஒலிப்பதிவு நிறுவனத்துக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பாடகருக்குப் பணம் போவது நியாயம்தான். கோபுரம் வைத்திருக்கும் பெரிய முதலாளிக்கு மட்டும் ஏன் விலக்கு?

முதலாளி என்றதும் மைனாட் ஞாபகம் வருகிறது. 1996 வரை ஒரு நிறுவனம் நாடு முழுக்க 40 வானொலி நிலையங்கள்தான் வைத்திருக்கலாம். அந்த வருடச் சட்டம் இந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது. ஒரே நிறுவனம் 1,200-க்கு மேல் குவித்துக்கொண்டது. 2002 ஜனவரி 18 அன்று வட டகோட்டாவின் மைனாட் ஊர் அருகே அம்மோனியா ஏற்றிய ரயில் தடம்புரண்டு, நச்சுப்புகை ஊரைச் சூழ்ந்தது. அங்கிருந்த ஆறு வணிக நிலையங்களும் அந்த ஒரே நிறுவனத்தின் கையில். போன் செய்தும் ஆள் கிடைக்கவில்லை என்றது போலீஸ். ஆள் இருந்தார் என்றது நிறுவனம். ஆறு நிலையங்கள் இருந்தும் இப்படி ஒரு வாக்குவாதம் வந்ததே, அதுவே அவமானம்.

2000-இல் 100 வாட் சிறு எஃப்எம் உரிமங்கள் வந்தன. லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்கு மட்டும், சுமார் 5.6 கிலோமீட்டர் எட்டும். அதையும் பொறுக்காமல் பெரிய ஒலிபரப்பாளர்கள் முட்டுக்கட்டை போட்டார்கள். அது விலக 2011 ஜனவரி ஆனது.