செய்திப் படத்துக்கான விஷயத்தை எங்கிருந்து பிடிப்பது, ஸ்பாட்டில் எப்படி எடுப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: புகைப்படச் செய்தியாளராக இப்போதுதான் தொடங்கியிருக்கிறீர்கள். தீ, விபத்து, போராட்டம் என்று தகவல் வந்ததும் ஓடுகிறீர்கள். போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கிறது, இல்லாவிட்டால் பத்து கேமராக்கள் ஏற்கெனவே நிற்கின்றன. மற்றவர்களுக்கு மட்டும் விஷயம் எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்கிறீர்கள்.

ஓடாதீர்கள் என்று சொல்லமாட்டேன். தினசரி வேலையில் பாதி ஓட்டம்தான். ஆனால் ஓடிப்போய் எடுத்த படம் அங்கே ஓடிவந்த எல்லோரிடமும் இருக்கும். பேர் சொல்லும் படங்கள் பெரும்பாலும் சம்பவத்துக்கு முன்போ, கூட்டம் கலைந்த பிறகோதான் அமைகின்றன. அதனால் இந்தத் தொழிலில் நான் கேமராவைவிட அதிகம் நம்புவது என் டைரியை.

டைரியில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நாளிதழ்களின் உள்பக்கத்தில் நாலு வரியில் வரும் துணுக்குகளைப் படியுங்கள். மாத இறுதியில் ஆலை மூடப்படுகிறது, வழக்கு 14ஆம் தேதிக்கு ஒத்திவைப்பு, கரையோர வீடுகளைக் காலி செய்ய நோட்டீஸ் என்று வரும். எழுதிய ரிப்போர்ட்டர் அதை முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார். நமக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் ஒவ்வொரு துணுக்கிலும் ஒரு தேதி இருக்கிறது. அந்த நாளில் யாரோ ஒருவர் வீட்டைக் காலி செய்யப்போகிறார், கூண்டில் ஏறப்போகிறார், கடைசி ஷிப்டை முடிக்கப்போகிறார். தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்கு ஒரு வாரம் முன்பே போய் முகம் காட்டிவிட்டு வாருங்கள். நீதிமன்ற வழக்குப் பட்டியல், உள்ளாட்சிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல், டெண்டர் அறிவிப்பு, வானிலை எச்சரிக்கை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். படித்தால் தூக்கம் வரும், ஆனாலும் படிக்கத்தான் வேண்டும்.

பெரிய சம்பவம் ஏதாவது நடந்தால் அதையும் டைரியில் முன்னால் தள்ளித் தள்ளிக் குறித்து வையுங்கள். வெள்ளம் என்றால், தண்ணீர் வடிந்து ஒரு மாதம் ஆகும் நாள், நிவாரணத் தொகை தருவதாகச் சொன்ன நாள், பள்ளி திறக்கும் நாள், அடுத்த ஆண்டு மழை தொடங்கும் வாரம். அந்த நாள்களில் அங்கே வேறு கேமரா இருக்காது. முதல் வாரத்தில் நம்மைப் பார்த்தாலே எரிந்து விழுந்தவர்கள்கூட, மறுபடி வந்த ஒரே ஆள் என்பதற்காகக் கதவைத் திறப்பார்கள்.

அடுத்தது ஆட்கள். அதிகாரிகளிடமிருந்து வருவது பத்திரிகைக் குறிப்பு, அது எல்லோருக்கும் வரும். தகவல் முதலில் தெரிவது ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு, பிணவறை ஊழியருக்கு, நீதிமன்ற எழுத்தருக்கு, பள்ளிக் காவலாளிக்கு, துப்புரவுப் பணியாளருக்கு. காரியம் ஆகவேண்டிய நேரத்தில் மட்டும் இவர்களுக்கு போன் போட்டால் ரெண்டாவது தடவை எடுக்கமாட்டார்கள். படம் அனுப்புகிறேன் என்று சொன்னால் அன்று ராத்திரியே அனுப்பிவிடுங்கள். போட்டோகிராபர்கள் மேல் ஜனங்களுக்கு இருக்கும் பெரிய கோபமே, "அனுப்புறேன்னு சொல்லிட்டுப் போனாரு, அப்புறம் ஆளையே காணோம்" என்பதுதான். இன்னொன்று, தகவல் சொன்னவர் யார் என்பது உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. அவர் வேலை போய்விடும்.

சரி, விஷயம் கிடைத்துவிட்டது. அது படமாகுமா என்பது தனிக் கேள்வி. எழுத்தில் அபாரமாக வரும் சில செய்திகளில் எடுக்க ஒன்றுமே இருக்காது. கணக்கில் நடந்த மோசடியைப் போய் எப்படி எடுப்பீர்கள்? அலுவலகப் பெயர்ப்பலகையைத்தான் எடுக்க வேண்டும். அதேபோல "வேலையின்மை", "தண்ணீர்ப் பஞ்சம்" என்று தலைப்பு போட்டுக்கொண்டு கிளம்பினால் காலிக் குடத்தோடும் வாடிய முகத்தோடும் திரும்பி வருவீர்கள். யார், என்ன செய்கிறார், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால்தான் நான் பையைத் தூக்குவேன்.

ஒரு ஆலை மூடப்பட்டபோது போயிருந்தேன். வாசலில் கோஷம், கொடி, மைக். எல்லா கேமராவும் அங்கேதான். முந்தைய வாரமே போய் மேற்பார்வையாளரிடம் பேசி வைத்திருந்ததால், கடைசி ஷிப்ட் முடியும் நேரத்தில் நான் உள்ளே, உடைமாற்றும் அறையில் நிற்க முடிந்தது. இரும்பு லாக்கர்கள் வரிசையாகத் திறந்து கிடந்தன. வயதான ஃபிட்டர் ஒருவர், தன் லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த மகளின் பள்ளிக்கூடப் போட்டோவைக் கட்டைவிரல் நகத்தால் கிளப்பிக்கொண்டிருந்தார். கிழிந்துவிடக் கூடாதே என்று மூலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. பசை கல்லாகிப் போயிருந்தது. கூரைக் கண்ணாடி வழியாக வந்த வெளிச்சத்தைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. ஃபிளாஷ் அடித்திருந்தால் அவர் நிறுத்தியிருப்பார். 35 எம்எம் லென்ஸ், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200, ஷட்டர் வேகம் நொடியில் 125-இல் ஒரு பங்கு, சத்தம் வராத ஷட்டர். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் மறுபடி நகத்தை வைத்தார். போட்டோ முழுசாகக் கையோடு வந்த பிறகு, கதவில் அழுக்குப் படியாமல் மிஞ்சியிருந்த சதுரத்தை ஒரு கணம் பார்த்தாரே, அதுதான் படம். மறுநாள் அச்சில் வந்தது வாசல் கோஷம்தான், அது வேறு விஷயம். லாக்கர் படம் பிறகு ஞாயிறு இணைப்பில் பெரிதாக வந்தது.

இப்படி முன்கூட்டிப் போய் இருப்பதற்கு நம் தொழிலில் பழைய உதாரணம் உண்டு. 1948-இல் 'லைஃப்' இதழுக்காக டபிள்யூ. யூஜின் ஸ்மித் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எர்னஸ்ட் செரியானி என்ற கிராமத்து டாக்டரோடு 23 நாள் சுற்றினார். அதில் அதிகம் பேசப்படும் படத்தில் சிகிச்சையே கிடையாது. பிரசவ அறுவை சிகிச்சையில் தாயும் குழந்தையும் இறந்த பிறகு, கையில் காபிக் கோப்பையோடு சமையலறை மேடையில் சாய்ந்து நிற்கிறார் டாக்டர். பேட்டி எடுத்துவிட்டு அன்றே கிளம்பியவருக்கு அந்தப் படம் கிடைத்திருக்காது. 23 நாள் எந்த டெஸ்க் (அலுவலகத்தில் படங்களைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் பிரிவு) தரும் என்று கேட்பீர்கள். இப்போது யாரும் தரமாட்டார்கள். விடுமுறை நாள்களில் துண்டு துண்டாகப் போய்வர வேண்டியதுதான். நான் பார்த்தவரை நல்ல தொடர்கள் பலவும் அப்படித்தான் உருவாகியிருக்கின்றன.

பத்து கேமராக்கள் நிற்கும் ஸ்பாட்டுக்கு வருகிறேன். முதலில் இடம், கூட்டம், காரணம் மூன்றும் தெரிகிற மாதிரி ஒரு அகலமான படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். டெஸ்க் அடங்கும், உங்களுக்கும் பதற்றம் குறையும். அதன் பிறகு எல்லா லென்ஸும் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதற்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். மேடையில் பேசுகிறவரைவிட, கேட்டுக்கொண்டிருப்பவர்களிடம்தான் விஷயம் இருக்கும். கைகளைப் பாருங்கள். முகத்தை மனிதர்கள் கேமராவுக்காக மாற்றிக்கொள்வார்கள், கையை மாற்ற யாருக்கும் தோன்றுவதில்லை. எடுத்த ஒவ்வொரு படத்தையும் திரையில் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். குனிந்து பார்க்கிற அந்த ரெண்டு நொடியில்தான் நடக்க வேண்டியது நடந்து தொலைக்கும். எல்லோரும் கிளம்பிய பிறகும் நாற்காலி அடுக்குகிற வரைக்கும் இருங்கள்.

தள்ளுமுள்ளு நடக்கிற இடம் என்றால் ஷட்டர் வேகம் நொடியில் 500-இல் ஒரு பங்குக்குக் கீழே போகக் கூடாது. அதற்காக ஐஎஸ்ஓவைக் கூட்டிப் புள்ளி புள்ளியாக வந்த படத்தைப் பிரசுரிக்கலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. போலீசுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள், வெளியேறும் வழியை முதலிலேயே பார்த்து வையுங்கள். கேமராவின் கடிகாரம் சரியாக இருக்கட்டும். முதலில் கல் வந்ததா, தடியடி வந்ததா என்று பின்னால் சண்டை வரும்போது உங்கள் படத்தின் நேரம்தான் சாட்சி. கருவிகளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஒரு அகல லென்ஸ், ஒரு 70-200 எம்எம் ஜூம் லென்ஸ், மழைக்கு ஒரு உறை, நடக்கத் தோதான செருப்போ ஷூவோ போதும்.

நடக்காததை நடத்திவைக்காதீர்கள். "இன்னொரு தடவை கை குடுங்க சார்" என்று கேட்டு எடுத்தால் அது செய்திப் படம் ஆகாது. ஒருவரை நிற்கவைத்து எடுத்த உருவப்படம் என்றால் பார்த்தாலே அப்படித் தெரிய வேண்டும். கணினியில் ஒன்றை எடுப்பதும் சேர்ப்பதும் அதைவிட மோசம். நார்சிசோ கான்ட்ரெராஸ் 2013-இல் சிரியா படங்களுக்காக அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்துக்கு அமெரிக்காவின் புலிட்சர் விருதை வாங்கித் தந்த குழுவில் ஒருவர். சிரியாவில் எடுத்த ஒரு படத்தின் மூலையில் தெரிந்த சக செய்தியாளரின் வீடியோ கேமராவை அழித்துவிட்டார் என்பதற்காக 2014 ஜனவரியில் அந்த நிறுவனம் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. அந்த கேமரா அங்கே இருந்ததால் செய்தி ஒன்றும் மாறியிருக்காது. ஆனாலும் அழித்தது அழித்ததுதான், நிறுவனம் செய்தது சரி என்பதே என் எண்ணம். 2015-இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் இறுதிச் சுற்றுக்கு முந்தைய சுற்று வரை வந்த படங்களில் ஏறத்தாழ 20 சதவீதம், மூலக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்தபோது தள்ளுபடி ஆயின. ரா கோப்புகளை (கேமரா பதிவு செய்த, எந்தத் திருத்தமும் இல்லாத மூலக் கோப்புகளை) அழிக்காமல் வையுங்கள். உங்களைக் காப்பாற்றப்போவது அவைதான்.

கேப்ஷனைப் பற்றி, அதாவது படக்குறிப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அதில்தான் அதிகம் கோபம் வரும். டோரதியா லாங் 1936-இல் கலிஃபோர்னியாவில், பட்டாணி பறிக்கும் தொழிலாளர் முகாமில், குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு தாயை எடுத்தார். உலகத்தில் அதிகம் அச்சான படங்களில் அது ஒன்று. அந்த அம்மாவின் பெயரை லாங் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது 1978-இல்தான் வெளியே தெரிந்தது. சாப்பாடு வாங்கக் காரின் டயர்களை அவர்கள் விற்றுவிட்டதாக லாங் எழுதியிருந்தார், அப்படி நடக்கவே இல்லை என்று குடும்பத்தார் மறுத்தார்கள். படம் மகத்தானது, குறிப்பு ஓட்டை. பெயரை அவரையே உங்கள் நோட்டில் எழுதச் சொல்லுங்கள், எழுத்துப்பிழை வராது. எழுதத் தெரியாதவர் என்றால் நீங்கள் எழுதி வாசித்துக் காட்டுங்கள். வயது, ஊர், அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார், அதை யார் சொன்னார்கள் எல்லாம் வேண்டும். "சோகத்தில் ஆழ்ந்த பெண்" என்று எழுதாதீர்கள். அவர் சோகமாக இருந்தாரா, தூக்கம் வந்ததா, உங்களுக்கு எப்படித் தெரியும்?

துக்க வீட்டில் எடுக்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தயக்கம் இருப்பது நல்லதுதான். நான் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய், வீட்டில் பொறுப்பாக நிற்கிறவர் யார் என்று பார்த்து அவரிடம் கேட்பேன். வேண்டாம் என்றால் வேண்டாம். சில சமயம் அவர்களே, எடுங்கள், என்ன செய்தார்கள் என்று நாலு பேர் பார்க்கட்டும் என்பார்கள். குழந்தைகள், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் விஷயத்தில் மட்டும் யார் சம்மதம் சொன்னாலும் முகம் காட்டுவதில்லை. முகத்தை மறைத்துவிட்டு வீட்டு வாசலையும் பள்ளிச் சீருடையையும் காட்டினாலும் அடையாளம் காட்டியதாகத்தான் அர்த்தம். அடிபட்டுக் கிடப்பவர் பக்கத்தில் உதவிக்கு வேறு ஆளே இல்லை என்றால் படம் பிறகு.

வேலை கேட்டுப் போகும்போது என்ன காட்டுவது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஆளுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று அழகழகான ஐம்பது படங்களைக் கொண்டுபோகாதீர்கள். ஒரே விஷயத்தைப் பற்றி எட்டோ பத்தோ படங்கள், முழுக் கேப்ஷனோடு. கூடவே, அடுத்து எடுக்க நினைக்கும் விஷயம் பற்றி மூன்று வரி: யார், எப்போது, உங்களை உள்ளே விடச் சம்மதித்தவர் யார். எடிட்டர்கள் அந்த மூன்றாவது வரியில்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஃப்ரீலான்ஸாகக் கொடுப்பதானால், படத்தின் உரிமை யாரிடம் இருக்கும், எத்தனை முறை பயன்படுத்துவார்கள் என்பதைப் படம் கைமாறுவதற்கு முன்பே மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.